வண்டி நிற்கிற இடத்தை முதலில் குறித்துவையும், தம்பி

தம்பி, நீர் கேட்டது இதுதான்: கனடாவுக்கு வந்து மூன்று வருடம், துவக்கு லைசென்ஸ் எடுத்தாச்சு, வேட்டைக்காரர் வகுப்பும் முடித்தாச்சு, நவம்பரில் வேலையிடத்து ஆட்களோடு ஒன்ராறியோவில் பாரி சவுண்டுக்கு வடக்கே மான் வேட்டைக்குப் போகிறீர், கையில் பிடிக்கிற ஜிபிஎஸ் எது நல்லது, போன் மட்டும் போதுமா, எந்தத் துவக்கு, எந்தச் சப்பாத்து. துவக்குக்கும் சப்பாத்துக்கும் பத்துப் பேர் பத்து விதமாகப் பதில் சொல்லுவார்கள், அவர்களிடமே கேளும். ஜிபிஎஸ் பற்றி நான் சொல்லுகிறேன், ஏனென்றால் அதைக் கையில் வைத்துக்கொண்டே தொலைந்துபோனவன் நான்.

அது 2001 நவம்பர். அதற்கு முந்தின வருடம் மே மாதம்தான் அமெரிக்காக்காரன் ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்று வைத்திருந்த பிழையை எடுத்துவிட்டான். அதுவரை நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டின சாமான், ஒரே இரவில் பத்துப் பதினைந்து மீட்டருக்குள் வந்துவிட்டது. தொழிற்சாலையில் வேட்டைக்குப் போகிறவன் எல்லாம் கார்மின் இட்ரெக்ஸ் என்ற மஞ்சள் பெட்டியை வாங்கினான். ஓவர்டைம் காசில் நானும் ஒன்று வாங்கினேன். கூட்டிக்கொண்டு போனது என்னோடு வேலை செய்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர். அவர் என் பெட்டியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வண்டியை விட்டு இறங்கமுதல் இந்த இடத்தைக் குறி என்றார். குறித்தேன். அந்த ஒரு வேலையை மட்டும்தான் அன்றைக்குச் சரியாகச் செய்தேன்.

மத்தியானத்துக்குப் பிறகு ஒரு மானின் கால்தடத்தைப் பிடித்துக்கொண்டு போய்விட்டேன். மூன்றரை மணிக்குத் திரும்புவோம் என்று பெட்டியைப் பார்த்தால், வண்டி 640 மீட்டரில் என்று அம்பு காட்டுது. நல்லதாய்ப் போச்சு என்று அம்பு காட்டின பக்கம் நேரே நடந்தேன். முன்னால் ஒரு குளம். பீவர் என்ற பிராணி அணை கட்டித் தேக்கின தண்ணீர், செத்த மரங்கள் நட்டுக்கு நிற்குது, மேலே கண்ணாடி மாதிரி மெல்லிய ஐஸ். ஒரு கால் வைத்தேன், தொடைவரை போனது. அம்புக்குக் குளம் தெரியாது, தம்பி. அது பறவை பறக்கிற வழியைத்தான் காட்டும். வந்த தடத்தை அப்படியே திருப்பிக் காட்டுகிற வசதி அந்தப் பெட்டியிலேயே இருந்தது, நான் புத்தகத்தைத் திறந்தும் பார்க்கவில்லை. குளத்தைச் சுற்றிப் போவோம் என்று சீடர் மரச் சதுப்புக்குள் இறங்கினேன். அதற்குள் திரை மங்கி அணைந்துவிட்டது. சாதாரண அல்கலைன் பற்றரி, குளிரில் செத்துப்போச்சு. மாற்றுப் பற்றரி எங்கே? வண்டியில்.

நவம்பர் நடுப்பகுதியில் அங்கே ஐந்து மணிக்குள் பொழுதுபட்டுவிடும். ஒருக்கா பனியில் புதுச் சப்பாத்துத் தடம் கண்டு, ஆள் நடமாட்டம் இருக்கு என்று சந்தோசப்பட்டேன். குனிந்து பார்த்தால் குதிக்காலில் என்னுடைய சப்பாத்தின் வெட்டு. அப்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆறு மணி போல தூரத்தில் ஹோர்ன் சத்தம் கேட்டது, கிழவர் வண்டியின் ஹோர்னை நீட்டி அடித்து, நிறுத்தி, திரும்ப அடித்தார். நான் வந்துசேரும் வரை விடவேயில்லை. வந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் தன்னுடைய காய்ந்த காலுறையைத் தூக்கிப்போட்டார்.

ஆகவே இப்போது நான் ஜிபிஎஸ் எப்படித் தேர்ந்தெடுப்பேன் என்றால், முதலாவது, பொத்தான் உள்ளது. தொடுதிரை கடையில் வடிவாக இருக்கும், தடித்த கையுறை போட்டால் அது உம்மை மதிக்காது. இரண்டாவது, ஏஏ பற்றரி போடுகிறது, அதிலும் லித்தியம் ஏஏ, அது சைபருக்குக் கீழே 40 பாகை வரை தாங்கும். மாற்றுச் சோடி உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில். மூன்றாவது, உள்ளே மின்கொம்பாஸ், அதாவது திசைகாட்டி, இருக்கவேண்டும். இட்ரெக்ஸ் 22எக்ஸ் மலிவு, ஆனால் அதில் அது இல்லை, நீர் நடந்தால்தான் திசை தெரியும், நின்று யோசிக்கிற நேரத்தில் அம்பு தன்பாட்டுக்குச் சுத்தும். 32எக்ஸில் இருக்கு. என்னிடம் இப்போது இருப்பது ஜிபிஎஸ்மேப் 65எஸ், மரம் அடர்ந்த இடத்திலும் அவ்வளவாகக் குழம்பாது. 67 என்ற பெரியது ஒரு சார்ஜில் 180 மணித்தியாலம் ஓடுமாம், நல்ல சாமான்தான், ஆனால் உள்ளே பூட்டின பற்றரி. எனக்கு ஒருமுறை சுட்ட பால். கொம்பாஸைப் பார்க்கும்போது துவக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடியும், இரும்பு அதைக் குழப்பும்.

போனும் கொண்டுபோம், வேண்டாம் என்று சொல்லவில்லை. சிக்னல் இல்லாத இடத்திலும் அதன் ஜிபிஎஸ் வேலை செய்யும், வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்திருந்தால். ஆனால் 69ஆம் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே போனால் கூப்பிட ஆள் கிடைக்காது, குளிரில் 60 வீதம் காட்டிக்கொண்டிருந்த போன் சட்டென்று அணையும். தனியாகப் போகிற ஆள் என்றால் இன்ரீச் மாதிரி சாட்டிலைட்டில் செய்தி அனுப்புகிற ஒன்றுக்கு மாதக் காசு கட்டும். மனுசி நித்திரை கொள்ளுவா.

இன்னொன்று, யாரும் சொல்லமாட்டார்கள். பழைய தாள் வரைபடத்தில் இருந்து யாராவது ஒரு இடத்தின் எண் எடுத்துத் தந்தால், ஓரத்தில் 1927 என்று போட்டிருக்கா என்று பாரும், அது பழைய நில அளவைக் கணக்கு. அந்தக் கணக்கும் ஜிபிஎஸ் கணக்கும் இந்தப் பக்கத்தில் ஏறக்குறைய 200 மீட்டர் வேறுபடும். ஒரு வருடம் நாங்கள் நாலு பேர் ஆற்றின் பிழையான கரையில் கூடாரம் அடித்துவிட்டு ஒருவரை ஒருவர் குறைசொல்லிக்கொண்டு இருந்தோம்.

எங்கள் ஆட்களைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். போன வருடம் ஸ்காபுரோவில் இருந்து ஒருவர் வந்தார், கடையில் இருந்ததில் விலைகூடின கருவி, தலையில் இருந்து கால்வரை இலைபோட்ட உடுப்பு. ஒன்ராறியோவில் துவக்குச் சீசனில் 400 சதுர அங்குலம் செம்மஞ்சள் மேலே தெரியவேண்டும், தொப்பியும் அந்த நிறம்தான் என்பதை அவருக்கு விடியக்காலை ஐந்து மணிக்குச் சொல்லவேண்டி வந்தது. கருவியில் கடைப் பிளாஸ்ரிக் அப்படியே ஒட்டியிருந்தது. இன்னொரு வகை இருக்கிறார்கள், பிறந்தநாள் வீட்டில் கண்டால், காட்டுக்குள்ளே ஓடி ஒளித்துத் தப்பி வந்தது திரும்பக் காட்டுக்குப் போகவோ என்று கேட்பார்கள். மான் இறைச்சியை நல்ல மிளகாய்த்தூள் போட்டுப் பிரட்டிக் கொண்டுபோனால் முதலில் கோப்பை நீட்டுவதும் அவர்கள்தான்.

ஆனால் அந்தக் கேள்வி பிழையில்லை. ஊரில் அப்பு வன்னிக் காட்டில் ஒட்டுசுட்டான் பக்கம் தேனெடுக்கப் போகும்போது என்னையும் கூட்டிப்போவார். போகிற வழியில் சின்னக் கொப்பாகப் பார்த்து முறித்து, முறிந்த நுனி வீட்டுப் பக்கம் பார்க்கிற மாதிரித் தொங்கவிடுவார். ஏன் என்று கேட்டால், வரும்போது கண் களைத்திருக்கும், கொப்பு களைக்காது என்பார். பீவர் குளத்துக்குப் பக்கத்தில் நான் நின்ற அன்றைக்கு அது ஞாபகம் வரவில்லை. வண்டிக்குள் ஹீட்டருக்கு முன்னால் காலை நீட்டின பிறகுதான் வந்தது.

சரி, வாங்கினால் பெட்டியோடு வடக்கே கொண்டுபோகாதையும். முதலில் ஸ்காபுரோப் பக்கம் இருக்கிற ரூஜ் பார்க்கில் கார் நிற்கிற இடத்தைக் குறித்துவிட்டு, துவக்கு இல்லாமல், ஒரு மணித்தியாலம் வளைந்து வளைந்து நடந்து, தடத்தைப் பிடித்துத் திரும்பி வாரும். கையுறையைக் கழற்றாமல். ஞாயிறு காலையில் நானும் அங்கேதான் நடக்கிறது, செம்மஞ்சள் தொப்பி.