வேலை முடிந்து வந்து காதலர் தினம்: பீடோங் பூக்கடை அக்கா பதில்கள்

மலேசியாவில் கெடா மாநிலத்துப் பீடோங் டவுனில் பூக்கடை வைத்திருக்கிறேன், சமையல் ஆர்டரும் எடுக்கிறேன். பிப்ரவரி 14-க்குப் பூ வாங்க வருகிற கணவன் மனைவியர் பூவோடு சேர்த்து யோசனையும் கேட்பார்கள். 2027-ஐ முன்வைத்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, அன்று ஞாயிற்றுக்கிழமை. கெடாவில் வெள்ளி, சனிதான் லீவு. மனைவி டீச்சர், எனக்கு ஃபேக்டரியில் பகல் ஷிப்ட். எத்தனை மணிக்கு வெளியே சாப்பிடப் போகலாம்?

தம்பி, அது நோன்பு மாதம். ஏழரை வாக்கில் நோன்பு திறப்பார்கள், அந்த நேரத்தில் மலாய்க் கடை, மாமாக் கடை (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) எதிலும் இடம் கிடைக்காது. எட்டரைக்கு மேல் போனால் நிம்மதியாக உட்காரலாம். முதல் நாள் சனிக்கிழமை இரவு சீனக் கடைக்குப் போக நினைத்தால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அது சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள். ஹொக்கியன் சீனர்கள் நள்ளிரவில் வான தெய்வத்துக்குப் படைப்பார்கள், பல கடைகள் சீக்கிரமே அடைத்துவிடும். என்னைக் கேட்டால் சனிக்கிழமை சாயங்காலமே தஞ்சோங் டாவாய்க்குப் போய் ஆற்றோரம் நடந்துவிட்டு, மீன் சாப்பிட்டு வாருங்கள். ஏறக்குறைய அரை மணி நேர ஓட்டம்தான். ஞாயிறு இரவு வீட்டிலேயே இருங்கள். மறுநாள் அவர் பள்ளிக்குப் போக வேண்டுமே.

நானும் வீட்டுக்காரரும் பால்மரம் (ரப்பர்) வெட்டுகிறோம். நாலு மணிக்கு எழுந்தால் ராத்திரி எட்டுக்கே கண் சொருகுகிறது. எங்களுக்கெல்லாம் இது ஒத்து வருமா?

ஏன் வராது தங்கச்சி? ராத்திரிதான் கொண்டாட வேண்டும் என்று யார் சொன்னது? வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும், அதனால் உங்கள் வேலை விடியலிலேயே தொடங்குகிறது. பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டால் மத்தியானத்துக்கு மேல் பொழுது உங்களுடையது. குளித்து, சாப்பிட்டு, இரண்டு பேரும் ஒரு மணி நேரம் படுத்து எழுந்திருங்கள். நாலரைக்குத் தேத்தண்ணி போட்டு உட்கார்ந்தால் ஏழு வரைக்கும் பேசலாம். அலுப்போடு உட்கார்ந்தால் சாதாரணப் பேச்சும் சண்டையில்தான் முடியும், அதனால் அந்தத் தூக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று. பிப்ரவரியில் இலை உதிரும், பாலும் குறையும், சம்பளமும் இறங்கும். அந்த மாதம் கடன் வாங்கிப் பரிசு வாங்க வேண்டாம். அதற்குப் பதிலாக உங்கள் வீட்டுக்காரரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்: அண்ணா, அன்றைக்கு வீடு வந்ததும் உங்கள் மனைவி கழற்றிப் போடுகிற வேலைச் சட்டையை அவர் கை வைப்பதற்கு முன் நீங்களே எடுத்து வாளியில் ஊறப்போடுங்கள். பால் காய்ந்து ஒட்டிய இடத்தை உரித்து எடுத்துவிட்டு, சவர்க்காரம் போட்டுக் கசக்கிப் பிழிந்து கொடியில் போடும் வரைக்கும் நீங்களே செய்யுங்கள். அந்த வாடை பிடித்த துணியை நாள் தவறாமல் துவைக்கிறவருக்கு ஒரு நாள் அந்த வேலை இல்லாமல் போவது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா! சோறும் நீங்களே வடியுங்கள். குழம்பு வைக்கத் தெரியாவிட்டால் நெத்திலி சம்பாலும் முட்டைப் பொரியலும் போதும்.

ரோஜாவா, மல்லிகையா?

அவரைக் கேளுங்கள். ரோஜா என்றால் அந்த வாரம் விலை ஏறிவிடும், 10-ஆம் தேதிக்குள் சொல்லி வையுங்கள். கேமரன் மலைப் பூ வருகிறது. வீட்டுக்குப் போனதும் அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, காம்பைத் தண்ணீருக்குள் வைத்தே ஒரு விரல் அளவு சரிவாக வெட்டிப் பூச்சாடியில் வையுங்கள். மல்லிகை என்றால் மொட்டாகக் கட்டிய சரம் வாங்குங்கள். வாழையிலையில் சுற்றி ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் சாயங்காலம் வரை வாடாது.

சூப்பர்வைசர் மலாய்க்காரர். ஃபேக்டரியிலேயே மனைவிக்குப் பூ கொடுத்தால் பிரச்சினை வருமா? இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் வேலை.

முஸ்லிம்கள் இந்த நாளைக் கொண்டாடக் கூடாது என்று மார்க்கத் தீர்ப்பு சொல்கிற தேசிய ஃபத்வா மன்றம் 2005-இல் முடிவு செய்தது. அது நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் நோன்பு நேரத்தில் வேலையிடத்தில் வேண்டாம், வீட்டில் கொடுங்கள்.

வீட்டில் மாமியார், மாமனார், கொழுந்தன் எல்லாரும் இருக்கிறார்கள். தனியாகக் கிளம்பக் கூச்சமாக இருக்கிறது.

ஒளிந்து ஒளிந்து போனால்தான் பேச்சு வரும். மாமியாரிடம் உங்கள் கணவரே முதல் நாள் சொல்லட்டும்: "அம்மா, நாளைக்கு நாங்கள் இரண்டு பேரும் வெளியே சாப்பிட்டு வருகிறோம்." நீங்கள் சொல்வதற்கும் பெற்ற மகன் சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. கிளம்புமுன் வீட்டுக்குச் சாப்பாடு தாப்பாவ் (பொட்டலம்) வாங்கி வைத்துவிடுங்கள். பாசார் ரமலானில் (நோன்பு மாதச் சந்தையில்) சாயங்காலம் வேண்டியதெல்லாம் கிடைக்கும். கைப்பிள்ளை இருந்தால் பாட்டியிடம் ஒன்றரை மணி நேரம் விடலாம், அதற்கு மேல் இழுக்காதீர்கள்.

கணவர் ஜொகூரில் லாரி ஓட்டுகிறார். மாதம் ஒரு தடவைதான் வருவார்.

அவர் வரும் நாளை 14-ஆம் தேதியாக வைத்துக்கொள்ளுங்கள் தங்கச்சி. அன்றைக்குப் போனில் பேசும்போது டிவியை அடைத்துவிட்டு, வீட்டுச் செலவுக் கணக்கை இழுக்காமல் பேசுங்கள். வண்டி ஓட்டும்போது கூப்பிட வேண்டாம்.

நான் தோட்டத்தில் மண்டோராக (கங்காணியாக) இருந்து ஓய்வு பெற்றவன், வயது அறுபத்திரண்டு. மனைவி இன்னும் பள்ளி கேண்டீனில் வேலை செய்கிறார். "இந்த வயதில் இதெல்லாம் எதற்கு" என்கிறார். அவருக்கு இனிப்பு நீரும் (நீரிழிவு) உண்டு.

அண்ணா, வேண்டாம் என்று சொல்கிறவர்கள் பலர் உள்ளுக்குள் ஆசைப்படுகிறவர்கள்தான், கடையில் தினமும் பார்க்கிறேன். ஊரைக் கூட்ட வேண்டாம். வேலை முடியும் நேரத்துக்குக் கேண்டீன் வாசலில் மோட்டார் சைக்கிளோடு போய் நில்லுங்கள். நாள் முழுக்க நின்று வேலை பார்த்த காலை, வீடு வந்ததும் வெதுவெதுப்பான நீரில் கழுவிவிடுங்கள். இனிப்பு நீர்க்காரருக்குக் கால் மரத்திருக்கலாம், சூடு தெரியாது. அதனால் முதலில் நீங்கள் முழங்கையை விட்டுப் பாருங்கள், இளஞ்சூடு போதும். விரலிடுக்கில் ஈரம் இல்லாமல் துடைத்துவிடுங்கள். கேக் வேண்டாம், நாலு கொய்யாத் துண்டு வெட்டி வையுங்கள். ஒரு முழம் பூ என் கடையில் எடுத்து வைக்கிறேன், மூன்று மணிக்கு மேல் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.