தாங்கி கூட்டினால் ரொக்கெட் சுற்றுமா?

கேள்வி: ரொக்கெட் கட்டி ஏவும் கேர்பல் ஸ்பேஸ் புரோகிராம் கேமில், சுற்றுப்பாதைக்குப் போக ஸ்விவல் எஞ்சினுக்கு மேல் மூன்று எஃப்எல்-டி400 எரிபொருள் தாங்கி வைத்து ஏவுகிறேன். நூறு கிலோமீற்றர் தாண்டிப் போய்த் திரும்ப விழுகிறது. நாலு, ஐந்து தாங்கி வைத்தும் சரிவரவில்லை. எரிபொருள் போதாமல்தானே?
– வாசகர், கல்லடி, மட்டக்களப்பு

பதில்: இல்லை. நேரே மேலே விடுகிறீர்கள், அதுதான் பிழை. நீங்கள் ஏவும் கேர்பின் கோளில் காற்று 70 கிலோமீற்றரோடு முடிகிறது. ஆனால் 80 கிலோமீற்றரில் விழாமல் சுற்ற, பக்கவாட்டில் செக்கனுக்கு 2,280 மீற்றர் வேகம் வேண்டும். ஈர்ப்பும் காற்றும் தின்பதையும் சேர்த்தால் தரையிலிருந்து 3,400 மீற்றர் அளவில் வேகம் கூட்ட எரிபொருள் தேவை. நீங்கள் உயரத்தை மட்டும் வாங்கிவிட்டு வேகத்தை வாங்காமல் வருகிறீர்கள்.

தாங்கி கூட்டுவதன் கணக்கைப் பாருங்கள். மூன்று தாங்கியோடு உங்கள் ரொக்கெட்டின் வெற்றிடக் கணக்கு, அதாவது காற்றில்லா வெளியில் எரிபொருள் முழுவதையும் எரித்துக் கூட்டக்கூடிய வேகம், செக்கனுக்கு ஏறத்தாழ 3,300 மீற்றர். நாலாவது 450 கூட்டும், ஐந்தாவது 340, ஆறாவது 270. ஆறோடு எடை 16 தொன். தரைமட்டத்தில் ஸ்விவலால் தூக்க முடிந்ததே 17 தொன்தான். ஆமை வேகத்தில் எழும்பும் ஒவ்வொரு செக்கனும் எரிபொருளுக்கு நட்டம்.

அதே மூன்று தாங்கியை இரண்டு தட்டாகப் பிரியுங்கள். மேலே பரசூட், ஆள் இருக்கும் மார்க்-1 கூடு, ஒரு தாங்கி, டெரியர் எஞ்சின். டெரியருக்குக் கீழே பிரிப்பான். அதன்கீழ் இரண்டு தாங்கியும் ஸ்விவலும். கூடுவது அரைத் தொன் சொச்சம். கணக்கோ 4,300 ஆகிறது. வெறும் தாங்கியையும் ஒன்றரைத் தொன் ஸ்விவலையும் கடைசிவரை சுமக்காததால் வந்த லாபம் இது. டெரியரைத் தரைக்குக் கிட்டப் பற்றவைக்க வேண்டாம்: அதன் எரிபொருள் திறன் (ஐஎஸ்பி) வெற்றிடத்தில் 345 செக்கன், தரைமட்டத்தில் வெறும் 85. கீழ்த்தட்டு ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் தீரும்போது 10 கிலோமீற்றர் தாண்டியிருந்தால் கவலையில்லை.

ஏவுவது கிழக்கே, 90 பாகை. கேர்பின் சுழற்சி 175 மீற்றரை இனாமாகத் தரும். (ஸ்ரீஹரிகோட்டா கிழக்குக் கரையில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கல்லடிக் கடற்கரையிலிருந்து ஏவினால் பூமி தருவது செக்கனுக்குச் சுமார் 460 மீற்றர். ஏவத்தான் ஆளில்லை.)

வேகம் 60 மீற்றர் ஆனதும் மூக்கை 5 பாகை கிழக்கே சாயுங்கள். பிறகு திரையின் அடியிலுள்ள திசைக்கோளத்தில் (நவ்போல்) போகும் திசையைக் காட்டும் மஞ்சள் வட்டத்தைவிட்டு மூக்கு விலகாமல் அதன் போக்கிலேயே விடுங்கள். 10 கிலோமீற்றரில் 45 பாகை அளவில் இருக்க வேண்டும். பத்து வரை நேரே போய்விட்டு ஒரேயடியாக 45க்கு மடக்குவது பழைய காலத்துப் பழக்கம். அடர்ந்த காற்றில் அப்படி மடக்கினால் ரொக்கெட் குட்டிக்கரணம் போடும். செட்டை வைப்பதானால் அடியில் மட்டும்; மேலே வைத்தால் புரட்டுவதே அதுதான்.

பாதையின் மிக உயர்ந்த இடமான உச்சப்புள்ளி 80 கிலோமீற்றர் காட்டிய உடனே எஞ்சினை நிறுத்துங்கள். பலரும் தவறுவது இங்கேதான்: மிச்சத்தையும் ஊதி உச்சத்தை 200க்கு ஏற்றிவிடுவார்கள். நிறுத்தி, மிதந்து போய், உச்சத்தை அடைய, எரிக்க வேண்டிய நேரத்தில் பாதி மிச்சம் இருக்கும்போதே, போகும் திசையில் எரியுங்கள். பாதையின் மிகத் தாழ்ந்த இடமான தாழ்புள்ளி 70ஐத் தாண்டினால் சுற்றுப்பாதை. மிச்சத்தில் 100 மீற்றருக்கான எரிபொருளைத் தொடாதீர்கள்; தாழ்புள்ளியை 30 கிலோமீற்றருக்கு இறக்கித் தரைக்கு வர அது தாராளம். தவறுதலாகப் பரசூட்டைப் பிரிப்பானோடு ஒரே இயக்க வரிசையில் போட்டுவிட்டீர்களா என்று ஏவும் முன்பே பாருங்கள்.