கரையேறிய ஓங்கலை என்ன செய்வது?

அன்புள்ள ஐயா,

போன ஆனியில் எங்கள் கடப்புறத்தில் ஓர் ஓங்கல் (டால்பின்) உயிரோடு ஒதுங்கியது. ஆறடி இருக்கும். மூக்கு நீளம், முதுகு கறுப்பு, விலா சாம்பல், வயிறு வெள்ளை. பையன்கள் வாலில் கயிறு கட்டி மூன்று முறை கடலுக்குள் இழுத்து விட்டார்கள். மூன்று முறையும் திரும்பி வந்தது. வாடிவிடக் கூடாதே என்று தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம். அந்திக்குள் செத்துப்போனது. "சாகணும்னே வந்தது, விடுங்க" என்றார் ஒரு பெரியவர். அப்படித்தானா?

அ., கடியபட்டணம்

அன்புள்ள அ.,

சாக வந்ததல்ல. நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் அது ஸ்பின்னர் ஓங்கல், துள்ளி அந்தரத்தில் சுழலும் இனம். ஆழக்கடலில் கூட்டமாகத் திரிந்து, இரவில் மேலெழும் சிறுமீனையும் கணவாயையும் தின்பது. அது தனியாக மணலில் கிடந்தால் பெரும்பாலும் நோயோ, வலையில் பட்ட காயமோ முன்பே இருக்கும். நீந்தி மேலெழ வலு இல்லாமல்தான் ஒதுங்குகிறது. திருப்பித் தள்ளினால் மறுபடி வராமல் என்ன செய்யும்?

ஓங்கலின் மூச்சு நம்முடையதைப் போலத் தன்போக்கில் நடப்பதில்லை. ஒவ்வொரு மூச்சையும் விழிப்போடு எடுக்க வேண்டும். அதனால்தான் மூளையில் ஒரு பாதி தூங்கும்போது மறுபாதி விழித்திருக்கிறது. மூச்சுத்துளை உச்சந்தலையில். நீங்கள் குடம் கவிழ்த்தது அந்தத் துளையின்மேல். வாயில் தண்ணீர் புகட்டுவதும் வீண். அதன் வாய்க்கும் மூச்சுக்குழலுக்கும் தொடர்பில்லை.

கயிறு அதைவிட மோசம். வாலை இழுத்தால் முதுகெலும்பின் கடைசி மூட்டுகள் பிசகும். பின்னோக்கி இழுபடும்போது மூச்சுத்துளைக்குள் தண்ணீரும் மணலும் ஏறும். இத்தனைக்கும் இந்த இனம் 80 கிலோவைத் தாண்டுவது அபூர்வம். நாலைந்து பேர் தார்ப்பாயில் தூக்கிவிடலாம்.

கரையில் அதைக் கொல்வது வறட்சி அல்ல, சூடும் சொந்த எடையும். தோலுக்கடியில் உள்ள கொழுப்பு உடல்சூட்டை வெளியே விடாது. சூடு இறங்கும் வழி துடுப்புகளும் வாலும்தான். எனவே தண்ணீரை அங்கே ஊற்றுங்கள். உடம்பில் நனைந்த துணி போடலாம், மூச்சுத்துளையை மூடாமல். மேலே நிழல் கட்டுங்கள். தேங்காய் எண்ணெய் தடவ யாராவது வந்தால் தடுத்துவிடுங்கள். குப்புறப் படுக்க வைத்து, பக்கத்துடுப்புகளுக்குக் கீழே மணலைத் தோண்டிக் குழி விட்டால் அவை நசுங்காது. ஒருவர் மூச்சை எண்ணட்டும்: இயல்பாக நிமிடத்துக்கு 2 முதல் 4. இதற்கு மிக அதிகமாகப் போனால் அவதியில் இருக்கிறது. அதன் மூச்சு முகத்தில் படும்படி குனியாதீர்கள், நோய்க்கிருமி தொற்றும். வாலருகே நிற்கவும் வேண்டாம். நாயையும் செல்ஃபிக் கூட்டத்தையும் விரட்டுங்கள். வனத்துறைக்குச் சொல்வது இதற்கெல்லாம் முன்னால் நடக்க வேண்டும்; கால்நடை மருத்துவர் வர நேரம் பிடிக்கும்.

கடலில் விடுவதுதான் நிதானம் வேண்டிய இடம். மணிக்கணக்கில் ஒருக்களித்துக் கிடந்தால் தசை மரத்துப்போகும், சமநிலை தவறும். அப்படியே தள்ளினால் புரண்டு, மூச்சுத்துளை தண்ணீருக்குள் போய்விடும். இடுப்பளவு நீரில் இருபுறமும் தாங்கி, துளை மேலே இருக்கும்படி பிடித்து, மெல்ல இப்படியும் அப்படியும் அசைத்துக்கொடுங்கள். அரைமணி நேரமாவது ஆகும். தானே நிமிர்ந்து வாலை அடித்தால் விடலாம். சாய்ந்தால் விடக் கூடாது. உங்கள் பக்கம் ஆனி ஆடியில் அலை உடையும் இடத்தில் இது நடக்காது. துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவருக்குள் நீர் அடங்கிய இடம் வேண்டும். இவ்வளவும் செய்தாலும் பிழைக்காமல் போகலாம், நோய் முற்றியிருந்தால்.

கூட்டமாக ஒதுங்கினால் கணக்கே வேறு. 2016 ஜனவரியில் மணப்பாடு பக்கம் 80-க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் கரையேறின. இழுத்துவிட்டவற்றில் பல திரும்பி வந்தன. கரையில் கிடப்பவை குரல் கொடுக்கும்வரை அந்த இனம் விட்டுப்போகாது. ஒவ்வொன்றாக அல்ல, சேர்த்து விட வேண்டும்.

செத்த பிறகும் புதைக்க அவசரப்படாதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிகக் கடுமையான பாதுகாப்புப் பட்டியலில், உள்ள உயிர். பல்லைப் பிடுங்குவதுகூடக் குற்றம். வலைத்தழும்பு உண்டா, நுரையீரலில் புழு உண்டா என்று மருத்துவர் அறுத்துப் பார்த்தால் அது ஏன் ஒதுங்கியது என்பது தெரியலாம். அவர் வருவதற்குள் பக்கவாட்டில் முழு உடல், முதுகுத்துடுப்பு, திறந்த வாய், வயிற்றடி என நாலு படம் எடுத்து வையுங்கள். அளவு தெரிய அருகில் ஒரு துடுப்புக்கட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள்.