தைல ஆவி சைனஸ் அடைப்பைத் தீர்க்குமா?

கேள்வி: ஜூன் பிறந்துவிட்டால் க்யூர்பிப்பின் ஈரக்குளிரில் எனக்கு மூக்கு அடைத்து, நெற்றியும் கன்னமும் கனக்கின்றன. கொதிநீரில் நீலகிரித் தைலம் விட்டு ஆவி பிடித்தால் இதமாக இருக்கிறது. ஒன்றரை வயதுப் பேரனுக்கும் அப்படிச் செய்யலாமா? மூக்கில் எண்ணெய் விடவும் சொல்கிறார்கள். அது சரியா?
வாசகி, க்யூர்பிப், மொரீஷியஸ்

பதில்: உங்களுக்குக் கிடைக்கும் இதம் உண்மையானது. நீலகிரித் தைலத்தின் முக்கியச் சத்தான சினியோலும் புதினா வகைத் தைலங்களில் உள்ள மென்தாலும் மூக்கின் உட்புறத்தில் குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுவதால் மூச்சு தாராளமாகப் போவதுபோல் தோன்றுகிறது. ஆனால் மென்தாலை முகர்ந்தவர்களின் மூக்கை அளந்து பார்த்தால், காற்று செல்லும் வழி பெரும்பாலும் முன்பிருந்த அளவிலேயே இருக்கும். ஆகவே தைலம் உபாதையைக் குறைக்கும், நோயைத் தீர்க்காது.

நம் முன்னோர் 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக இத்தீவுக்கு வரத் தொடங்கினார்கள். ஆஸ்திரேலிய மரமான யூகலிப்டஸ் நீலகிரியில் நடப்பட்டதோ 1843 வாக்கில்தான். அதற்கு வெகு காலம் முன்பே தமிழகத்தில் நொச்சி இலையைப் போட்டு வேது பிடிக்கும் வழக்கமும், ஓமத்தை வறுத்துத் துணியில் முடிந்து முகரும் வழக்கமும் இருந்தன. ஓமத்தின் மணத்துக்குக் காரணமான தைமாலும் எளிதில் ஆவியாகும் எண்ணெய்ச் சத்துதான்.

பேரனுக்கு மட்டும் இதைச் செய்யவே வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து குழந்தைகள் வெந்துபோவது ஒரு பக்கம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் மூக்கருகே மென்தாலையோ கற்பூரத் தைலத்தையோ கொண்டுபோனால் மூச்சே தடைப்படக்கூடும் என்பது அதைவிடப் பெரிய ஆபத்து. நீலகிரித் தைலத்தைக் குழந்தை சிறிதளவு விழுங்கினாலும் வலிப்பு வரலாம் என்பதால், புட்டியைப் பூட்டி வையுங்கள். குழந்தைக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்தே போதுமானது.

மூக்கில் நீங்களாகவே எண்ணெய் விடாதீர்கள். அது சிறிது சிறிதாக நுரையீரலுக்குள் இறங்கி அழற்சியை உண்டாக்கக்கூடும். சித்த மருத்துவத்தில் மூக்கில் மருந்து விடும் நசியம் என்ற முறை இருப்பது உண்மையே. அது தேர்ந்த மருத்துவர் பார்த்துச் செய்ய வேண்டியது. சுக்குத் தைலம் போன்றவை தலைக்குத் தேய்த்துக் குளிப்பதற்கானவை.

நீங்கள் ஆவி பிடிக்கும்போது நீரை அடுப்பிலிருந்து இறக்கிச் சற்று ஆறவிட்டு, இரண்டு மூன்று சொட்டுத் தைலம் மட்டும் விட்டு, கண்களை மூடிக்கொள்ளுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இந்த நெடியே இழுப்பை வரவழைக்கலாம். அடைப்பு பத்து நாட்களுக்கு மேல் நீடித்தாலோ, குறைந்தபின் மீண்டும் கூடினாலோ மருத்துவரைப் பாருங்கள். கண்ணைச் சுற்றி வீங்கினால் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.