சயாம் பாதை – கடிதம்

அன்புள்ள அம்மா,

அடுத்த மாதம் அலுவலக வேலையாக பாங்காக் போகிறேன். நடுவில் ஒரு நாள் முழுதாகக் கிடைக்கிறது. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் ராணுவம் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட, கைதிகள் கட்டிய சயாம் மரண ரயில்பாதையைப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. காஞ்சனபுரியில் பாலம், போர்க் கல்லறை, அருங்காட்சியகம், அப்புறம் அந்தப் பாதைக்காகப் பாறையை வெட்டிய ஹெல்ஃபயர் கணவாய், நேரமிருந்தால் எரவான் அருவி. ரயிலையும் பஸ்ஸையும் வைத்துக்கொண்டு இவ்வளவும் ஒரே நாளில் முடியுமா? கார் இல்லாமல் போவது வீண் அலைச்சல் என்கிறார்கள் நண்பர்கள்.

ரா.

அன்புள்ள ரா.,

முதலில் கேட்டதற்குப் பதில். தோன்புரி நிலையத்திலிருந்து காலை எட்டுக்குச் சற்று முன்பு ஒரு ரயில் கிளம்புகிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சின்ன நிலையம் அது, நகரத்தின் பெரிய நிலையத்துக்குப் போய் நின்றுவிடாதீர்கள். மூன்றாம் வகுப்பு, மின்விசிறி, திறந்த ஜன்னல். வெளிநாட்டவருக்கு 100 பாட். பத்தரை வாக்கில் காஞ்சனபுரியில் இறங்கலாம். முந்தின நாளே நேரத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். திரும்பும் ரயில் மதியம் மூன்று மணிக்கு முன்பே போய்விடும். அதைப் பிடிக்க ஓட வேண்டாம், பஸ் நிலையத்திலிருந்து பாங்காக்குக்கு வேன்கள் உண்டு.

ஹெல்ஃபயர் கணவாய் நகரத்திலிருந்து வடக்கே சுமார் 80 கிலோமீட்டர். ரயில் அதற்கு முன்பே ‘நாம் தோக்’ என்ற நிலையத்தோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் பாதையைப் போருக்குப் பின் கைவிட்டுவிட்டார்கள். சங்க்லாபுரி பக்கம் போகும் பஸ்ஸில் போகலாம், ஆனால் போகவரவே பாதி நாள் தீர்ந்துவிடும். ஒரு ராத்திரி தங்க முடிந்தால் போங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். அருவி வேண்டாம்.

சரி, இப்போது உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தும் இரண்டு வார்த்தைகளுக்கு வருகிறேன். ‘கைதிகள் கட்டிய’ என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழில் படித்து, தமிழில் எழுதி, எனக்கே கடிதம் போடுகிற நீங்கள் அப்படி எழுதலாமா? தாய்லாந்தின் பான் போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தன்பியூசாயத் வரை 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். அதில் வேலை செய்த போர்க்கைதிகள் 60,000-க்கும் மேல், செத்தவர்கள் 12,000-க்கும் மேல். உண்மைதான், கொடுமைதான். ஆனால் அதே பாதையில் ஆசியக் கூலிகள் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் இருந்தார்கள். பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், சீனர், மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து போன நம் ஆட்கள். அவர்களில் 90,000 பேர் செத்திருக்கலாம் என்பது பலரும் சொல்லும் கணக்கு. ‘இருக்கலாம்’ என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். கைதிகளின் கணக்கை ஆள் ஆளாகச் சொல்ல முடிகிறது. நம் கணக்கில் பத்தாயிரம் இருபதாயிரம் கூடக்குறைய இருந்தாலும் கேட்க ஆளில்லை.

ஏன் இப்படி? கைதிகளிடம் ராணுவ எண் இருந்தது, அதிகாரிகள் இருந்தார்கள், அவர்களோடே சிறைப்பட்ட டாக்டர்கள் இருந்தார்கள். யார், எந்தத் தேதியில், எந்த நோயில் செத்தான் என்று ஜப்பான்காரன் கண்ணில் படாமல் எழுதி ஒளித்து வைத்தார்கள். போர் முடிந்ததும் அந்தக் குறிப்புகளை வைத்துக்கொண்டு காட்டுக்குள் போய்த் தேடி எடுத்து வந்து அடக்கம் செய்தார்கள். தோட்டத்துக் கூலிக்கு யார் எழுதி வைப்பார்கள்? 1943-இல் காலரா பரவியபோது அவர்கள் முகாம்களில் பெரும்பாலும் டாக்டர் இல்லை, கொதிக்கவைத்த தண்ணீர் குடிக்கச் சொல்லக்கூட ஆளில்லை. கொத்துக்கொத்தாகப் போனார்கள்.

என் பாட்டியின் தம்பி அப்படிப் போனவர். மலாயாவில், பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டம். ஜப்பான்காரன் காலத்தில் ரப்பர் கப்பலேறவில்லை, பால் வெட்டும் வேலை நின்றுபோனது, கூலிகள் குடியிருந்த லயத்தில் அரிசி இல்லை. மூன்று மாத வேலை, நல்ல சம்பளம் என்று சொல்லி ஆள் எடுத்தார்கள். போகிற அன்று அவர் தன் பால்வெட்டுக் கத்தியை அக்காவிடம் கொடுத்து, “துருப்பிடிக்காம பாத்துக்க, வந்து வாங்கிக்கறேன்” என்றாராம். போன மாதம் பழைய டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது அந்தக் கத்தி கிடைத்தது. நுனி கொக்கிபோல வளைந்திருக்கிறது, மரப்பிடியில் பெருவிரல் பதிந்த இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. பாட்டி அதற்குத் தேங்காயெண்ணெய் பூசிப் பழந்துணியில் சுற்றி வைத்திருந்தாள். இரண்டு வாரமாக அது என் மேசைமேல்தான் கிடக்கிறது. அந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது.

பாட்டி அவருக்குத் தெவசம் கொடுக்க விடவே இல்லை. செத்த திதி தெரியாது. நாள் தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசை இருக்கிறதே என்று தாத்தா சொல்லிப் பார்த்தார். “செத்தான்னு எவன் வந்து சொன்னான்?” என்று கேட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். கடைசிவரை அப்படித்தான்.

அதனால், காஞ்சனபுரியில் இறங்கியதும் போர்க் கல்லறைக்குப் போங்கள். நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். கிட்டத்தட்ட 7,000 பேர். வரிசை வரிசையாகத் தாழ்ந்த கற்கள், வெட்டிவிட்ட புல், ஏறக்குறைய ஒவ்வொரு கல்லிலும் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், வயது. பெரும்பாலும் இருபது சொச்சம். எங்கோ பிறந்த அந்தப் பையன்கள்மேல் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. நின்று படியுங்கள். பக்கத்திலேயே அருங்காட்சியகம், அதையும் பாருங்கள். அப்புறம் வாட் தவோன் வராராம் என்ற கோயில் எங்கே என்று கேளுங்கள். அதுவும் நடக்கிற தூரம்தான். பெயர் தெரியாத ஆசியக் கூலிகளின் எலும்புகளைச் சேர்த்துப் புதைத்த இடம் அங்கே இருக்கிறது. அங்குள்ள தமிழர்கள் முயன்று 2023-இல் ஒரு நடுகல்லும் வைத்திருக்கிறார்கள்.

பாலத்துக்கு அப்புறமாகப் போங்கள். வளைந்த இரும்புச் சட்டங்கள் பழையவை, நடுவில் வளைவில்லாமல் நேர்க்கோடுகளாக இருப்பவை குண்டு விழுந்து போருக்குப் பின் மாற்றியவை. பாலத்தருகே ஜப்பான் ராணுவமே 1944-இல் எழுப்பிய ஒரு நினைவுச் சின்னம் உண்டு, கூட்டம் அந்தப் பக்கம் போவதில்லை. அதன் சுவரில் பல மொழிப் பலகைகளில் ஒன்று தமிழ். நான் அதன்முன் நின்றபோது படிக்க ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். கொன்றவன் நம் எழுத்தில் எழுதி வைத்திருக்கிறான். நாம் ‘கைதிகள் கட்டிய பாதை’ என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

கார் இல்லையே என்று குறைப்பட்டுக்கொள்ளாதீர்கள். நான் போனபோது வேன் வைத்துக்கொண்டு போனேன். ஒரே நாளில் ஐந்து இடம், இடத்துக்கு அரை மணி. ஓட்டுநர் நல்ல மனிதர், என் பட்டியலில் இருந்த எல்லா இடத்துக்கும் கொண்டுபோனார். அந்தக் கோயில் என் பட்டியலில் இல்லை. அதன் பக்கமாகவே இரண்டு தடவை போய் வந்திருக்கிறோம் என்று ஊர் திரும்பி வரைபடத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நடந்து போயிருந்தால் யாரிடமாவது வழி கேட்டிருப்பேன், யாராவது கைகாட்டியிருப்பார்கள். இப்போது முழங்கால் விடவில்லை, இனி நான் போவேனா தெரியாது.

போகும் முன் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மலாயா போய்த் திரும்பாதவர் யாராவது உண்டா என்று. இல்லை என்றால் எனக்காக ஒன்று செய்யுங்கள். நடுகல் முன்னால் ஒரு நிமிடம் நின்று என் பாட்டி தம்பியைக் கூப்பிடுங்கள். அவருடைய சரியான பெயர் எங்கள் வீட்டில் இப்போது யாருக்கும் தெரியாது. பாட்டி ‘சின்னவன்’ என்றுதான் சொல்வாள். கத்தி பத்திரமாக இருக்கிறது, துருப்பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள்.