பாலைவனச் செடிகளைப் பற்றி ஊர்மக்களிடம் பேச எங்கே தொடங்கலாம்?

பென்னாகரம் பக்கத்து நூலகத்தில் பாலைவனத் தாவரங்கள், விலங்குகள் பற்றிப் பேச வேண்டும், யாருக்கும் அலுக்காமல் எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நம் மாவட்டம் பாலைவனம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாலைவனம் என்றால் பொதுவாக ஆண்டு மழை 250 மி.மீட்டருக்குள், இங்கே சராசரியாக 800 மி.மீட்டருக்கு மேல். ஆனால் வறட்சியைத் தாங்கும் வித்தை நம் வேலியிலேயே இருக்கிறது. ஒரு சதுரக்கள்ளித் துண்டும் ஒரு சப்பாத்திக்கள்ளி மடலும் கொண்டுபோய் எல்லோர் முன்னாலும் வெட்டுங்கள். சதுரக்கள்ளியில் வெள்ளைப் பால் சொட்டும். சப்பாத்திக்கள்ளியில் பால் வராது, கொழகொழவென்று நீர்தான் கசியும். (பால் கண்ணில் பட்டால் ஆபத்து, பிள்ளைகளைத் தள்ளி உட்கார வையுங்கள்.) பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் இரண்டும் வேறு குடும்பம். சப்பாத்திக்கள்ளி அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தது.

அப்புறம் மூச்சு விஷயம். இவை பகலில் தண்டின் தோலிலுள்ள நுண்துளைகளைப் பெரும்பாலும் மூடிக்கொண்டு, இரவில் திறந்து கரிக்காற்றை (கார்பன் டை ஆக்சைடு) வாங்கிச் சேமிக்கும். அதனால் வெயிலில் நீர் அதிகம் ஆவியாகாது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், அவசரப்படாமல் சொல்லுங்கள்.

அங்கிருந்து அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் பரந்துகிடக்கும் சொனோரா பாலைவனத்துக்குத் தாவலாம். அங்கே சாகுவாரோ கள்ளி 12 மீட்டர் உயரம் போகும், 150 ஆண்டு வாழும். இரவில் மலரும் அதன் பூவுக்கு வௌவால் வரும். கங்காரு எலி தண்ணீரே குடிக்காமல் விதைகளைத் தின்றே வாழ்ந்துவிடும்.

கடைசி அரைமணி நேரம் ஆடு மேய்ப்பவர்களைப் பேசவிடுங்கள். எந்தக் கோடையில் எந்தச் செடி பச்சையாக நின்றது என்று அவர்களுக்குத் தெரியும்.