நாப்கினில் ரசாயனம்: ஐஎஸ்ஐ முத்திரை மட்டும் போதுமா?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. வாசனை நாப்கின் வைக்கும் நாட்களில் அரிப்பும் தடிப்பும் வருகிறது. நாப்கினில் புற்றுநோய் வரவழைக்கும் ரசாயனம் இருப்பதாக வாட்ஸாப்பில் படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது. மூன்று மடங்கு விலை கொடுத்து ஆர்கானிக் நாப்கினுக்கு மாற வேண்டுமா? ஐஎஸ்ஐ முத்திரை இருந்தால் போதாதா?

பதில்: முதலில் அரிப்பைக் கவனிப்போம். வாசனை நாப்கினை இந்த மாதமே நிறுத்திவிடுங்கள். அந்த வாசனையால் உடலுக்கு ஒரு பயனும் இல்லை, ஒவ்வாமைக்கு மட்டும் வழியுண்டு. வாசனை இல்லாததை வாங்கி, 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லுங்கள். பள்ளியில் மாற்ற வசதியில்லாமல் காலையில் வைத்ததையே மாலைவரை வைத்திருக்கிறாளா என்றும் கேளுங்கள். ஈரமும் உரசலும் சேர்ந்தாலே தடிப்பு வந்துவிடும். அடுத்த மாதமும் குறையாவிட்டால், அல்லது நாற்றத்துடன் வெள்ளைப்படுதலோ காய்ச்சலோ சேர்ந்தால், மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

சரி, அந்த வாட்ஸாப் செய்திக்கு வருவோம். டெல்லியில் இயங்கும் டாக்ஸிக்ஸ் லிங்க் அமைப்பு, இங்கே விற்கும் 10 நாப்கின்களைச் சோதித்து 2022 நவம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. பத்திலுமே தாலேட்டுகளும், எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்களும் (பெயின்ட், பசை, வாசனைப் பொருட்களிலிருந்து காற்றில் கலக்கும் வகை ரசாயனங்கள்) இருந்தன. தாலேட்டுகள் பிளாஸ்டிக்கை நெகிழ வைக்கச் சேர்ப்பவை. அவற்றில் சில ஹார்மோன்களின் வேலையில் குறுக்கிடக்கூடியவை என்பதால்தான் இந்தக் கவலை.

அளவையும் பார்க்க வேண்டும். அதிகபட்சமாகக் கிடைத்த தாலேட் அளவு கிலோவுக்கு 19,600 மைக்ரோகிராம், அதாவது ஏறத்தாழ 0.002 சதவீதம். ஐரோப்பிய ஒன்றியம் நான்கு தாலேட்டுகளுக்குப் பொதுவாக வைத்திருக்கும் வரம்பு 0.1 சதவீதம். நாப்கினில் இருப்பதில் எவ்வளவு உடலுக்குள் போகிறது என்பதை அந்தச் சோதனை அளக்கவில்லை. ஆகவே 'நாப்கின் வைத்தால் புற்றுநோய்' என்று சொல்ல அதில் இடமில்லை. அதற்காக இதை ஒதுக்கிவிடவும் எனக்கு மனமில்லை. அந்த வரம்பு நாப்கினுக்கென்றே வகுத்ததல்ல. பிறப்புறுப்பைச் சுற்றியுள்ள தோல் கைத்தோலைவிட எளிதில் பொருட்களை உள்ளே விடும். அதன்மேல் மாதாமாதம் சில நாட்கள், முப்பது நாற்பது வருடம் இந்தப் பொருள் இருக்கப்போகிறது.

ஆர்கானிக் என்ற சொல்லை நம்பிக் கூடுதல் பணம் தர வேண்டாம். சோதித்த பத்தில் அப்படி விற்றவையும் இருந்தன. மேலே பருத்தி இருந்தாலும், கசிவைத் தடுக்க அடியில் பிளாஸ்டிக் தாளும் உள்ளாடையில் ஒட்டப் பசையும் பல நாப்கின்களில் உண்டு.

ஐஎஸ்ஐ முத்திரை வேண்டும், ஆனால் அது பாதிப் பதில்தான். ஐஎஸ் 5405 என்ற இந்தியத் தரம் 1969-ல் வந்தது, 2019-ல் திருத்தப்பட்டது. உறிஞ்சும் திறன், அமில-காரத் தன்மை, கிருமிகள் போன்றவற்றை அது பார்க்கிறது. தாலேட்டுக்கு அதில் வரம்பு இல்லை. 2023-ல் மத்திய ஜவுளி அமைச்சகம் நாப்கினைக் கட்டாயத் தர ஆணைக்குள் கொண்டுவந்தபோதும் அளவுகோல் இதே தரம்தான். முத்திரை உண்மையா என்று பார்க்க, அதன் கீழே உள்ள சிஎம்/எல் எண்ணை, அதாவது உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பாருங்கள்.

தென்கொரியாவில் 2017-ல் இதே போன்ற பயம் கிளம்பியது. மறு வருடமே எல்லா மூலப்பொருட்களையும் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்று அங்கே விதி வந்தது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் 2024-ல் மாதவிடாய்ப் பொருட்களில் தாலேட், பிஎஃப்ஏஎஸ் (எளிதில் சிதையாத ஒரு ரசாயனக் குடும்பம்) உள்ளிட்ட ரசாயனங்களைச் சேர்க்கத் தடைச் சட்டம் போட்டது. இங்கேயும் பட்டியலும் வரம்பும் சட்டமாக வேண்டும். கடையில் நின்று பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒரு தாய் கண்டுபிடிக்கக்கூடிய விஷயமா இது? பாக்கெட்டில் உள்ள வாடிக்கையாளர் முகவரிக்கு, என்னென்ன சேர்த்திருக்கிறீர்கள், தாலேட் சோதனை செய்தீர்களா என்று எழுதிக் கேளுங்கள். தரம் பற்றிப் புகார் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பயத்தில் பழைய துணிக்குப் போய்விடாதீர்கள். துணிதான் பிடிக்கிறது என்றால், மறுபடி பயன்படுத்தும் துணி நாப்கினுக்கு ஐஎஸ் 17514 என்று 2021-ல் தனித் தரம் வந்திருக்கிறது, அதைப் பார்த்து வாங்குங்கள். சோப்புப் போட்டு அலசி, நல்ல வெயிலில் காய வைக்க வேண்டும். யாரும் பார்க்கக்கூடாது என்று வேறு துணிக்கு அடியில் போட்டால் ஈரம் போகாது, அரிப்பு திரும்பவும் வரும்.